கவர்படுமொழி என்றால் கவர்ச்சிமொழி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மொழிப் பக்கத்தில் ‘கவர்படு பொருண்மொழி’ என்ற சொல்லுக்கு ‘மனத்தைக் கவரும் இனிய மொழி’ என்று பொருள் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையாக இருந்தால் எழுதவே தேவையில்லை. எடுத்துக்காட்டாக ஒரு காதல் கவிதையும் சேர்த்திருப்பதால் பிழை அச்சுக்கூடத்தில் நேர்ந்ததல்ல என்று தெரிகிறது. கவர்படு பொருண்மொழி பாராட்டுச் சொல்லே அல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணியியலில் அடுக்கும் ஒன்பது வழுக்களில், அதாவது குற்றங்களில், அதுவும் ஒன்று. ஒரு பொருளை உறுதியாகச் சொல்ல எண்ணி எழுதிய தொடர், எழுதியவர் நினையாத இன்னொரு பொருளுக்கும் இடம் கொடுத்துவிட்டால் அதற்குத்தான் அந்தப் பெயர். பிரிபொருட் சொற்றொடர், மாறுபடு பொருண்மொழி, மொழிந்தது மொழிவு ஆகியவற்றோடு நிற்கிற குற்றவாளியைத் தாங்கள் மணமேடையில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

குழப்பம் ‘கவர்’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் இரண்டு ‘கவர்’ உண்டு. ஒன்று பற்றிக்கொள்வது, பறிப்பது. ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று குறளில் வருவது இது. கவர்ச்சி பிறந்ததும் இதிலிருந்துதான். மற்றொன்று கிளைப்பது, இரண்டாகப் பிரிவது. கவடு, கவை, கவட்டை, கவலை எல்லாம் இதன் குடும்பம். மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவடு. முள்ளை ஒதுக்கித் தள்ளும் நுனி பிளந்த கம்பு கவைக்கோல். சிறுவர்கள் ரப்பர் பட்டை கட்டிக் கல்லடிக்கும் கவட்டையும் அந்த வடிவத்தால்தான் அந்தப் பெயர் பெற்றது. குறுந்தொகை 324ஆம் பாட்டில் இரட்டைப் பிள்ளைகளைக் ‘கவைமக’ என்கிறார் புலவர். அந்த உவமை எடுபட்டதால் அவருக்கே கவைமகன் என்று பெயர் நின்றுவிட்டது. (மூன்றாவதாக, உறையைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கவர்’ ஒன்றும் இன்று நடமாடுகிறது. ‘அதிகாரியிடம் கவர் கொடுத்தார்’ என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது கேட்பவர் மனத்தைப் பொறுத்தது.)

இரண்டில் எந்தக் ‘கவர்’ என்று சொல்லின் கட்டுமானமே காட்டிக்கொடுக்கிறது. ‘கவரும் மொழி’ என்று சொல்ல நினைத்திருந்தால் ‘கவர்மொழி’ என்றோ ‘கவரும் மொழி’ என்றோ அமைந்திருக்கும். கவர்ந்துகொள்ளப்படுவதைச் சொல்ல ‘கவரப்படு’ வேண்டும். ‘கவர்படு’ என்பதில் கவர் பெயர்ச்சொல். கிளையாதல், இரண்டு வழியாகப் பிரிதல் என்பதே பொருள்.

இதே குடும்பத்துக் ‘கவலை’யின் கதை இன்னும் சுவையானது. சங்கப் பாட்டில் கவலை என்பது பாதை பிரியும் இடம். குறுந்தொகை 12இல் தலைவன் தேர் போன வழியைப் பற்றிச் சொல்லும்போது, கொல்லன் உலைக்கல் போலக் காய்ந்த பாறையில் ஏறி எயினர் (வழிப்பறி செய்யும் பாலைநில வேட்டுவர்) அம்பு தீட்டும் ‘கவலைத்து என்ப அவர் தேர் சென்ற ஆறே’ என்கிறாள் தலைவி. எயினர் அங்கே உட்கார்ந்திருப்பதில் கணக்கு இருக்கிறது. வழி பிரியும் இடத்தில் வழிப்போக்கன் தயங்கி நிற்பான். குறளில் ‘மனக்கவலை மாற்றல் அரிது’ என்னும்போது சொல் காட்டை விட்டு மனத்துக்குள் வந்துவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் மனத்துக்குப் பிளந்த பாதையின் பெயர் பொருந்திப்போனது.

தமிழ்த் தண்டியலங்காரம் வடமொழி அணிநூலான காவியாதர்சத்தைத் தழுவிய வழிநூல் என்பது தெரிந்ததே. அங்கே இந்த வழுவுக்குச் ‘சசம்சயம்’ என்று பெயர். ஐயத்தோடு கூடியது என்று அர்த்தம். அது படிப்பவர் மனநிலைக்கு வைத்த பெயர். தமிழாசிரியர் அதை அப்படியே ‘ஐயமொழி’ என்று மாற்றாமல் ‘கவர்படு’ என்று வைத்தார். இது தொடரின் வடிவத்துக்கு வைத்த பெயர். எனக்கு இதுவே மேலாகப் படுகிறது. ஏனென்றால் கவர்படுமொழியைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் ஐயமே வருவதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

உளறல், குழறல், மழுப்பல், வழவழா கொழகொழா என்று தெளிவில்லாப் பேச்சுக்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. தங்கள் மொழிப் பக்கம் அவை அனைத்தையும் ஒரே வரியில் ‘குழப்பமான பேச்சு’ என்று அடக்கியிருப்பது இரண்டாவது பிழை. உளறலில் பொருளே இல்லை. குழறலில் பொருள் உண்டு, நாக்கு ஒத்துழைக்கவில்லை. மழுப்பலில் பொருள் உண்டு, நாக்கும் ஒத்துழைக்கிறது, மனம்தான் ஒளித்துக்கொள்கிறது. நன்னூல் பத்துக் குற்றங்களில் சொல்லும் ‘மயங்க வைத்தல்’ இவற்றிலிருந்தும் வேறு. இலக்கணத்தில் மயக்கம் என்றால் கலப்பு. மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணைமயக்கம் என்பவை எல்லாம் அந்தப் பொருளில்தான். ‘நிலம்தீ நீர்வளி விசும்போ டைந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்கிறது தொல்காப்பியம். பொருள்கள் ஒன்றில் ஒன்று கலந்து, எது எது என்று பிரித்தெடுக்க முடியாமல் கிடப்பது மயக்கம். அப்படி ஒரு தொடரைப் படிப்பவர் ‘புரியவில்லை’ என்று நின்றுவிடுவார், யாரிடமாவது கேட்பார்.

கவர்படுமொழியில் ஒவ்வொரு வழியும் தனித்தனியே நல்ல சாலைதான். ஒரு பொருளோடு இன்னொன்று கலப்பதில்லை. ஆகவே படிப்பவர் நிற்க மாட்டார். கண்ணில் முதலில் பட்ட சாலையில் இறங்கி நடந்துவிடுவார். தவறான ஊர் வந்த பிறகுதான் பின்னால் ஒரு பிரிவு இருந்தது தெரியும். சிலேடையும் இப்படித்தானே என்று கேட்கலாம். சிலேடையில் இரண்டு ஊருக்கும் கூட்டிக்கொண்டு போவதே புலவரின் நோக்கம். காவியாதர்சமே, ஐயத்தை உண்டாக்கவென்றே சொன்னால் அது குற்றமாகாது, அணியே ஆகும் என்று விலக்கு வைத்திருக்கிறது. காளமேகத்துக்குக் கிடைத்த அந்தச் சலுகையை மின்வாரிய அறிவிப்புக்குக் கொடுக்க முடியாது.

இந்த வழு எங்கே முளைக்கிறது என்பதை நம் இலக்கணிகள் துல்லியமாகக் கண்டிருக்கிறார்கள். பழைய எடுத்துக்காட்டு ‘புலிகொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் இதற்குத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயர் வைத்து, இரண்டாம் வேற்றுமையும் (ஐ) மூன்றாம் வேற்றுமையும் (ஆல்) அதில் வர விலக்கில்லை என்கிறது. பின்னால் வரும் பெயரைப் பார்த்து வேற்றுமை தெரிந்துகொள்ளலாம் என்று அடுத்த நூற்பா வழியும் காட்டுகிறது. யானையின் கோடு கைக்கு வந்தது என்று தொடர்ந்தால் செத்தது யானை என்று ஊகிக்கலாம். யானை ஓடுகிறது என்றால் உயிரோடிருப்பது யானை.

இந்த யானை இன்றும் தங்கள் பக்கங்களில் உலாவுகிறது. ‘கார் இடித்த லாரி’ என்று தலைப்பு வருகிறது. எது எதை இடித்தது? இழப்பீடு யார் தருவது என்பதே அந்த ஒரு ‘ஐ’யில் தொங்குகிறது. ‘காரை இடித்த லாரி’ அல்லது ‘கார் மோதியதில் சேதமான லாரி’ என்று எழுத ஒரு சொல், இரண்டு சொல் கூடும், அவ்வளவுதான். ஆட்களைக் குறிக்கும் பெயரில் நாம் பெரும்பாலும் ஐயை விடுவதில்லை. ‘போலீசாரைத் தாக்கிய வாலிபர்’ என்றே எழுதுவோம், அதனால் அங்கே சிக்கல் குறைவு. அஃறிணைப் பெயரில்தான் ‘ஐ’ ஓசையில்லாமல் நழுவும். அங்கேதான் ஆசிரியர் குழு கண்ணை வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது தொகைச்சொல். வேற்றுமை உருபை விழுங்கி இரண்டு பெயர் ஒட்டி நிற்கும்போது இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் எண்ணிக்கையே கொடுத்திருக்கிறது. உரைகாரர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறார்கள். அவற்றில் ஆறு பொருளுக்குக் காட்டுவது ‘மரவேலி’. மரத்தைக் காக்கும் வேலி, மரத்துக்கு வேலி, மரத்தினது வேலி, மரத்தின் புறத்து வேலி, மரத்தாலான வேலி, மரமே வேலியாக நிற்பது. இலக்கண வகுப்பில் இது வேடிக்கையாகத் தோன்றும். ‘100 மீட்டர் மரவேலி அமைத்தல்’ என்று ஒப்பந்தப்புள்ளி கோரினால் வேடிக்கை போய்விடும். ஒருவர் கம்பும் பலகையும் கொண்டு வேலி போடும் செலவைக் கணக்கிடுவார், இன்னொருவர் சாலையோரக் கன்றுகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வைக்கும் செலவைக் கணக்கிடுவார். இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்த விலை எது என்று பார்ப்பார்கள். மறைந்த உருபை எழுதிவிட்டால் தீர்ந்தது: ‘மரக்கட்டையால் ஆன வேலி’, ‘மரக்கன்றுகளுக்குக் காப்பு வேலி’.

ஒற்று விடுவதும் பாதையைப் பிளக்கிறது. ‘வேலை செய்’ என்றால் பணி செய், ‘வேலைச் செய்’ என்றால் வேல் என்னும் ஆயுதத்தைச் செய். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ‘கீரை கடை’ சமையல்காரருக்கு இடும் கட்டளை, ‘கீரைக் கடை’ சந்தையில் இருப்பது. வல்லினம் மிகுவதைப் பழம்பண்டிதர் பிடிவாதம் என்று ஒதுக்குபவர்கள், அது பொருளைப் பிரித்துக் காட்டும் எல்லைக்கல் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அறிவிப்புகளில் மிகுதியாகத் தீங்கு செய்வது ‘எல்லாம்’, ‘அனைத்து’ என்பவற்றோடு எதிர்மறை சேர்வது. ‘அனைத்து ஆவணங்களும் இணைக்கப்படாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்’ என்ற வரியைப் பாருங்கள். ஓர் ஆவணம் குறைந்தாலும் போச்சு என்பது ஒரு பொருள். ஒன்றுகூட இணைக்காதவற்றை மட்டும் தள்ளுவோம் என்பது இன்னொன்று. எழுதியவர் முதலாவதைத்தான் நினைத்திருப்பார். அப்படியானால் ‘ஓர் ஆவணம் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்’ என்று எழுத வேண்டியதுதான், சொல்லும் குறையும். ‘எல்லோரும் வரவில்லை’ என்பதும் இதே இனம். ‘ஒருவரும் வரவில்லை’, ‘சிலர் வரவில்லை’ என்று இரண்டு நேர்வழி இருக்கும்போது நடுவில் ஏன் நிற்க வேண்டும்?

‘போல’வோடு எதிர்மறை வந்தாலும் இதே கதிதான். ‘அண்ணனைப் போலத் தம்பி கடன் வாங்கவில்லை’ என்றால் அண்ணன் வாங்கினாரா, இல்லையா? இருவரும் வாங்கவில்லை என்று ஒருவர் படிப்பார், அண்ணன் வாங்கினார் என்று இன்னொருவர் படிப்பார். ‘காணாமல் போன ஆசிரியரின் மகன்’ என்ற தொடரில் தேடப்படுவது தந்தையா மகனா என்று தெரியாது. மகன்தான் என்றால் ‘ஆசிரியரின் காணாமல் போன மகன்’ என்று அடையைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும். ‘முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிப் பெண்கள் விண்ணப்பிக்கலாம்’ என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு முதியவர் வரிசையில் நின்றால் அவரைத் திருப்பி அனுப்புவதா? ‘மற்றும்’ என்ற சொல் நுழைந்த பிறகு வந்த வினை இது. ‘முதிய பெண்களும் மாற்றுத்திறனாளிப் பெண்களும்’ என்று உம்மை போட்டு எழுதினால் பிரிவுக்கே இடமில்லை.

எண்ணும் நாளும் வரும் இடத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ‘10ஆம் தேதிக்குள்’ என்றால் 10ஆம் தேதி சேருமா, சேராதா என்று ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். ‘10ஆம் தேதி மாலை 5 மணி வரை’ என்று எழுதினால் வழக்கில்லை. ‘வெள்ளி நள்ளிரவு 12 மணி’ என்றால் வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நேரமா, வெள்ளி முடியும் நேரமா? ‘வெள்ளி இரவு 11.59’ என்று போடுவது அழகில்லைதான், ஆனால் தப்பாது. ‘40 வயதுக்கு மேற்பட்டோர்’ என்பதைவிட ‘40 வயது நிறைந்தோர்’ தெளிவு. மருந்துச் சீட்டில் ‘காலை, மாலை 2 மாத்திரை’ என்று எழுதினால் நாளுக்கு இரண்டா, நான்கா? ‘காலை 1, மாலை 1’ என்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் தெரியும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் உயிரோடு விளையாடுவது இந்த ஒன்றுதான். ஆகவே உடல்நலப் பக்கத்தில் அளவு சொல்லும்போது வேளைக்கு வேளை தனி எண் போட வேண்டும் என்பதைத் தங்கள் அலுவலக விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எழுதுபவருக்குத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தரும் வழி இன்றும் பழுதில்லை. பலபொருள் ஒருசொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது. வினையால் பொருள் தெளிவாகிவிடும் சொல் ஒன்று, வினையாலும் தெளியாத சொல் மற்றொன்று. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று வினையே சொல்லிவிடும். வினை உதவாவிட்டால் இனம் உதவும். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் மருதமரத்தோடு சேர்ந்து நிற்பதால் இதுவும் மரம். அதுவும் இல்லையென்றால் சார்பு. கவசம் பூண்டு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை. இப்படி வினை, இனம், சார்பு என்று மூன்று கைகாட்டி மரங்கள். மூன்றுமே இல்லாத ‘மா வீழ்ந்தது’ போன்ற இடத்தில் கிளந்து சொல், அதாவது ‘மாமரம் வீழ்ந்தது’ என்று வெளிப்படையாகச் சொல் என்கிறது நூற்பா. அதை அடுத்து, ‘குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி’ என்று பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. ஒன்றைக் குறித்தவன்தான் தெரியச் சொல்ல வேண்டும், கேட்டவன் ஊகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதே வரிசையை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் பார்க்கலாம். பொருள் உறுதியாகாத, உறுதியாக்கவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. அங்கே தரப்பட்ட விளக்கம்: ‘நூறு டன் எண்ணெய்’ விற்பதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்று காட்ட எதுவும் இல்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது. ஆனால் விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வணிகர் என்றால் அவருடைய தொழிலே பொருளைக் காட்டிவிடுகிறது, ஒப்பந்தம் செல்லும். தொல்காப்பியர் ‘சார்பு’ என்றது இதைத்தான். ‘என் வெள்ளைக் குதிரை, ஐந்நூறு ரூபாய்க்கு அல்லது ஆயிரம் ரூபாய்க்கு’ என்ற விளக்கமும் அதே பிரிவில் உண்டு. எந்த விலை என்று காட்டும் கைகாட்டி எதுவும் இல்லாததால் அதுவும் செல்லாது.

எழுதியவர் தன் கவர்ப்பைத் தானே காண்பது கடினம். வீட்டுக்கு வழி தெரிந்தவர் கண்ணுக்குச் சந்து பிரிவது படாது. ‘புரிகிறதா?’ என்று இன்னொருவரிடம் கேட்பதும் உதவாது. கவர்படுமொழி எல்லோருக்கும் புரியும் என்று முன்பே சொன்னேன், எல்லோரும் ‘புரிகிறது’ என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய முறை வேறு. அறிவிப்பை, அந்த விவகாரத்தில் சம்பந்தப்படாத இருவரிடம் தனித்தனியே கொடுக்க வேண்டும். ‘இதன்படி நீங்கள் என்ன செய்வீர்கள், எந்த நாளில், எத்தனை?’ என்று கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அச்சுக்கு அனுப்பலாம். வேறு வேறாக வந்தால் எந்தச் சொல்லில் பாதை பிரிகிறது என்று பார்த்து, அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தினால் போதும். பயத்தில் வரிக்கு வரி விளக்கம் சேர்க்கத் தொடங்கினால் மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று பத்துக் குற்றங்களில் வேறு இரண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வக்கீல் பத்திரங்கள் அந்தக் கதிக்கு ஆளானவை.

அடுத்த ஞாயிறு திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். ‘கவர்படு பொருண்மொழி என்பதற்குச் சென்ற வாரம் தந்த பொருள் போல இனிய மொழி என்பது பொருள் அல்ல’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கீழே உள்ளபடி போட்டால் போதும்:

‘கவர்படு பொருண்மொழி: ஒரு பொருளைச் சொல்ல எழுதி, இன்னொரு பொருளுக்கும் இடம் தந்துவிட்ட தொடர். கவர் என்பது இங்கே கிளை. சென்ற வாரம் தந்த பொருள் தவறு.’

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்